எத்தனை சதவீதம் வாய்ப்பு? இரண்டு பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பங்கள் சொல்லித் தந்தவை

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை 11-ஆம் வகுப்புக்குப் போனதும் ஒரு கேள்வி வீட்டில் குடியேறிவிடும். "ஜிபிஏ நல்லா இருக்கு, எஸ்ஏடி-யில 1540, ஏபி பாடமெல்லாம் எடுத்திருக்கா. ஸ்டான்ஃபோர்ட் கிடைக்குமா? எத்தனை பர்சென்ட் சான்ஸ் இருக்கும்?" (ஜிபிஏ என்பது பள்ளி மதிப்பெண்களின் சராசரி, எஸ்ஏடி 1600-க்கான பொதுத் தேர்வு, ஏபி பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்கள்.) தமிழ்ப் பள்ளி வாசலில் காத்திருக்கும்போது கேட்பார்கள், பொங்கல் விழாச் சாப்பாட்டு வரிசையில் கேட்பார்கள், ஊரிலிருந்து ஃபோன் செய்யும் சித்தியும் கேட்பார். நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். முதலில் மகள், சில ஆண்டுகள் கழித்து மகன் என இருவரும் இந்த வழியாகப் போனார்கள். இப்போது இருவருமே கல்லூரியில் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒற்றை எண்ணில் பதில் கிடையாது என்பதை இரண்டு முறையும் பார்த்துவிட்டேன். ஆனால் அதையே சிறுசிறு கேள்விகளாக உடைத்துக்கொண்டால் பலவற்றுக்கு உறுதியான பதில் கிடைக்கிறது. பிள்ளையின் விண்ணப்பப் பட்டியலை அந்தப் பதில்களின் மேல்தான் கட்ட வேண்டும்.

முதலில் அந்தச் சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். 2024-ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு ஹார்வர்டில் 54,008 பேர் விண்ணப்பித்தார்கள். 1,937 பேருக்கு இடம் கிடைத்தது, அதாவது 3.6 சதவீதம். எம்ஐடியில் 28,232 பேரில் 1,275 பேர், நாலரை சதவீதம். இந்த எண்ணை வைத்துக்கொண்டு "என் பையன் சராசரியைவிடக் கெட்டிக்காரன், அதனால் பத்து சதவீதம்" என்று கணக்குப் போடுவதை நிறைய வீடுகளில் பார்க்கிறேன். அங்கே விண்ணப்பிப்பவர்களின் சராசரியே எங்கே இருக்கிறது என்பது தெரிந்தால் அந்தக் கணக்கைப் போட மாட்டோம்.

ஹார்வர்டின் சேர்க்கை முறையை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் 2018-இல் விசாரணை நடந்தது. வழக்கமாகப் பூட்டி வைக்கப்படும் விவரங்கள் பல அப்போது வெளியே வந்தன. 2019-இல் பட்டம் பெறவேண்டிய வகுப்புக்கு, அமெரிக்காவுக்குள்ளிருந்து மட்டும் விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 26,000 பேர். அவர்களில் 8,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு முழு ஜிபிஏ. எஸ்ஏடி கணிதத்தில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் 3,400 பேருக்கு மேல், மொழிப் பகுதியில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் 2,700 பேருக்கு மேல். இருந்த இடங்களோ 2,000-க்கும் குறைவு. முழு மதிப்பெண் பெற்ற பிள்ளைகளைக் கொண்டே வகுப்பைப் பலமுறை நிரப்பியிருக்கலாம்.

இதை மகளிடம் காட்டினேன். "அப்போ நான் இவ்வளவு படிச்சது வேஸ்டாம்மா?" என்று கேட்டாள். இல்லை. அந்த மதிப்பெண் இல்லாவிட்டால் விண்ணப்பத்தின் மற்றப் பக்கங்களைக் கவனமாகப் படிக்கவே காரணம் இருக்காது. அது இருப்பதால் படிக்கிறார்கள். முடிவு அதற்குப் பிறகு வரும் பக்கங்களில் இருக்கிறது. அந்த வழக்கின் ஆவணங்களின்படி, படிப்பு, பள்ளிக்கு வெளியே செய்தவை, விளையாட்டு, தனிப்பட்ட குணம் ஆகியவற்றுக்குத் தனித்தனியாக 1 முதல் 6 வரை மதிப்பீடு போடுகிறார்கள், 1 தான் உயர்ந்தது. படிப்பில் 2 வாங்கும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. மற்றவற்றில் என்ன என்பதுதான் கேள்வி.

அதே ஆவணங்களில் இன்னொரு செய்தியும் இருந்தது. கல்லூரி அணிக்காகவே எடுக்கப்படும் விளையாட்டு வீரர்கள், அங்கே படித்தவர்களின் பிள்ளைகள், நன்கொடையாளர்களோடு தொடர்புள்ளவர்கள் உட்பட டீனின் சிறப்புப் பட்டியலில் இருப்பவர்கள், அங்கே பணிபுரிபவர்களின் பிள்ளைகள் என நான்கு வகையினர். விண்ணப்பித்தவர்களில் இவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. இடம் பெற்றவர்களில் சுமார் 30 சதவீதம். நம் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த நான்கில் எதிலும் வர மாட்டார்கள். ஆகவே செய்தித்தாளில் வரும் விகிதத்தைவிட அவர்களுக்கான உண்மையான விகிதம் இன்னும் சிறியது. பொருளாதார அறிஞர்கள் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் ஆகியோர் 2023-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டியது: எஸ்ஏடி மதிப்பெண் ஒன்றாகவே இருந்தாலும், வருமானத்தின் உச்சியில் இருக்கும் 1 சதவீதக் குடும்பத்துப் பிள்ளை ஹார்வர்ட் போன்ற உச்சக் கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையின் வாய்ப்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். எல்லா இடமும் அப்படியில்லை. எம்ஐடி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஆம்ஹர்ஸ்ட் போன்றவை பெற்றோர் அங்கே படித்தார்களா என்று பார்ப்பதில்லை. கலிஃபோர்னியாவில் 2025 செப்டம்பர் முதல், மாநில அரசின் உதவித்தொகைத் திட்டத்தில் இருக்கும் தனியார் கல்லூரிகளும் அதைப் பார்க்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. இவற்றையெல்லாம் நான் சொல்வது மனம் தளர்வதற்காக இல்லை. முடிவுகள் வரும் மார்ச் மாதத்தில் ஒரு 17 வயதுப் பிள்ளை "என்கிட்ட என்ன குறை?" என்று அழும்போது, குறை அதனிடம் இல்லை என்று நாம் ஆதாரத்தோடு சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் இனம் என்ற இடத்தில் 'ஏஷியன்' என்று போட்டால் பாதிக்குமா என்ற பயம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, சேர்க்கை முடிவில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. தன் பின்னணி தன்னை எப்படி உருவாக்கியது என்று கட்டுரையில் எழுதலாம் என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே பிள்ளையின் வாழ்க்கையில் தமிழ் இருந்தால் அதைத் தாராளமாக எழுதட்டும். நம்மை மறைத்துக்கொண்டு எழுதச் சொல்லும் ஆலோசகர்களை நான் நம்புவதில்லை.

அடுத்து, விண்ணப்பத்தை எப்படிப் படிக்கிறார்கள் என்பது. பெரும்பாலான கல்லூரிகளில் ஒவ்வொரு அதிகாரிக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கும். அந்தப் பகுதியின் பள்ளிகள் அவருக்குப் பழக்கம். பள்ளியின் கவுன்சிலர் அனுப்பும் 'ஸ்கூல் ப்ரொஃபைல்' என்ற சிறு ஆவணமும் அவர் முன் இருக்கும்: பள்ளியில் என்னென்ன ஏபி பாடங்கள் உண்டு, மதிப்பெண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன, எத்தனை பேர் நான்காண்டுக் கல்லூரிக்குப் போகிறார்கள். பிள்ளையின் சாதனையை அந்தப் பள்ளி தந்த வாய்ப்புகளோடு வைத்துத்தான் எடைபோடுவார். என் நாத்தனார் மகன் படித்தது ஒரு சிறு ஊர்ப் பள்ளி. அங்கே இருந்த ஏபி பாடங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். அவன் அத்தனையும் எடுத்தான், அதற்கு மேல் பக்கத்து கம்யூனிட்டி கல்லூரியில் கால்குலஸ் படித்தான். அவனுக்குக் கிடைத்த இடம், எங்கள் பகுதியில் அவனைவிட இரண்டு மடங்கு ஏபி எடுத்த பல பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. எங்கள் உறவினர்கள் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

நம்மவர்கள் தர மதிப்பீட்டில் 'பத்துக்குப் பத்து' வாங்கிய பள்ளி தேடி வீடு மாறுவதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை, நல்ல பள்ளி நல்லதுதான். ஆனால் கல்லூரிச் சேர்க்கைக்காகவே மாறுகிறோம் என்றால் யோசியுங்கள். அந்தப் பள்ளியிலிருந்து ஒரே மாதிரிப் பாடங்கள், ஒரே மாதிரிப் போட்டிகள், ஒரே கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று வரிசையாக விண்ணப்பங்கள் போகும். படிப்பவர் ஒருவரே. உங்கள் பள்ளியின் ப்ரொஃபைல் பெரும்பாலும் பள்ளியின் இணையதளத்திலேயே கிடைக்கும், எடுத்துப் படியுங்கள். நேவியன்ஸ் அல்லது ஸ்கோயர் என்ற கல்லூரித் திட்டமிடல் மென்பொருளைப் பயன்படுத்தும் பள்ளி என்றால், முந்தைய ஆண்டுகளில் உங்கள் பள்ளியிலிருந்து ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்தவர்களின் ஜிபிஏ, எஸ்ஏடி, முடிவு எல்லாம் புள்ளிகளாகத் தெரியும். வெளியே யார் சொல்லும் சதவீதத்தையும்விட இந்தப் படம் நம்பத்தகுந்தது. ஒரு எச்சரிக்கை: அங்கே பச்சையாக, அதாவது இடம் கிடைத்ததாகத் தெரியும் ஒரு புள்ளி நீச்சல் அணிக்காக எடுக்கப்பட்ட பிள்ளையாகவும் இருக்கலாம். கீழே தனியாக நிற்கும் பச்சைப் புள்ளியைப் பார்த்து நம்பிக்கை வைக்காதீர்கள்.

எந்தப் படிப்பு என்பதும் விகிதத்தை மாற்றும். ஹார்வர்ட், யேல், எம்ஐடி, ஸ்டான்ஃபோர்ட் போன்ற இடங்களில் முதலில் கல்லூரிக்குள் நுழைந்துவிட்டு, துறையைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம். கார்னகி மெலன், இல்லினாய், வாஷிங்டன் பல்கலைக்கழகம் போன்றவற்றில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கென்றே தனியாக எடுக்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் பொது விகிதத்தைவிட அங்கே போட்டி பல மடங்கு கடுமை. டெக்சாஸில் வகுப்பில் முன்னணியில் இருக்கும் மாணவருக்கு ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில் தானாகவே இடம் உண்டு. ஆனால் அந்த உத்தரவாதம் பல்கலைக்கழகத்துக்குத்தான், கேட்கும் துறைக்குக் கிடையாது. பொது விகிதத்தைப் பார்த்து 'இது சுலபம்' என்று பட்டியலின் அடியில் வைக்கும் முன் இதைச் சரிபாருங்கள்.

தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொரோனா காலத்தில் எஸ்ஏடி வேண்டாம் என்றிருந்த கல்லூரிகள் திரும்பி வருகின்றன: எம்ஐடி 2022-இல், டார்ட்மவுத், யேல், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் 2024-இல் அறிவித்தன. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்ணை அனுப்பினாலும் பார்ப்பதில்லை. ஆண்டுக்காண்டு மாறுகிற விஷயம் என்பதால், அந்தந்தக் கல்லூரியின் தளத்தில் உங்கள் பிள்ளை விண்ணப்பிக்கும் ஆண்டின் விதியைப் பாருங்கள். 1500-ஐ நன்றாகத் தாண்டிய பிறகு இன்னொரு முப்பது மதிப்பெண்ணுக்காக ஒரு கோடைக்காலத்தைச் செலவழிப்பது எனக்குச் சம்மதமில்லை. அந்தக் கோடையில் செய்ய வேண்டியது வேறு இருக்கிறது.

அந்த 'வேறு' எது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். பல கல்லூரிகளுக்கும் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்கு 10 இடங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள், இடைவெளியையும் சேர்த்து. விருதுகளுக்கு 5 இடங்கள். நம் பிள்ளைகளின் பட்டியலைச் சொல்லாமலேயே எழுதிவிடலாம்: பரதநாட்டியம் அல்லது கர்நாடக சங்கீதம், கணிதப் போட்டி, ரோபாட்டிக்ஸ், மருத்துவமனைத் தன்னார்வப் பணி, தமிழ்ப் பள்ளி. இவற்றில் ஒன்றும் தவறில்லை. அரங்கேற்றம் செய்தால் 'வழக்கமான இந்தியப் பிள்ளை' என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்து, பிடித்த கலையை விடச் சொல்லும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். மனம் வலித்தது. பத்து ஆண்டுகள் ஒரு குருவிடம் பயின்ற பிள்ளைக்கு அது உயிரோடு கலந்த ஒன்று. அதைச் செய்ததோடு நின்றுவிட்டதா, அதிலிருந்து எங்கேயாவது போனதா என்பதைத்தான் படிப்பவர் தேடுகிறார்.

என் மகள் 10-ஆம் வகுப்பிலிருந்து தமிழ்ப் பள்ளியில் துணை ஆசிரியையாக இருந்தாள். சின்னக் குழந்தைகள் ல, ள, ழ மூன்றையும் ஒரே மாதிரி சொல்கிறார்கள் என்று வீட்டுக்கு வந்து குறைபட்டுக்கொள்வாள். ஒருநாள் அந்தக் குறை கேள்வியாக மாறியது: அவர்களால் சொல்ல முடியவில்லையா, அல்லது வேறுபாடே காதில் விழவில்லையா? பெற்றோரிடம் அனுமதி வாங்கிக் குழந்தைகளின் குரலைப் பதிவு செய்தாள். கேட்டுக் கண்டுபிடிக்கும் சிறு விளையாட்டு ஒன்றைக் கணினியில் எழுதி வகுப்பில் பயன்படுத்தினாள். அப்புறம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒலி அலைகளைப் பற்றிக் கேட்டு, பதிவுகளை அலைகளாக வரைந்து பார்த்தாள். இதற்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் மொழியியலும் கணினியும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிறந்தது. அவள் எடுத்த பாடங்கள், இயற்பியல் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், கட்டுரை எல்லாம் ஒரே திசையைக் காட்டின. முதலில் அவள் எழுதியிருந்த விவரிப்பு 'தமிழ்ப் பள்ளியில் தன்னார்வ ஆசிரியை, வாரந்தோறும் கற்பித்தேன்' என்பதுதான். கவுன்சிலர் அதைப் படித்துவிட்டு, "இதில் நீ எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி, காசு கொடுத்து வாங்கும் பல ஆலோசனைகளைவிட மேலானது. பத்து செயல்பாடுகளுக்கும் அதே கேள்வியைக் கேட்டுத் திருத்தினோம்.

விருதுகள் உதவாது என்று சொல்லவில்லை. கணித ஒலிம்பியாட் அளவுக்குப் போகிறவர்களும், ரீஜெனரான் அறிவியல் போட்டியில் ஆண்டுதோறும் தேர்வாகும் 300 பேரும், அதிலிருந்து எடுக்கப்படும் 40 இறுதிப் போட்டியாளர்களும் தனி வரிசை. அந்தத் திறமையும் வேட்கையும் இருக்கும் பிள்ளைக்கு வழிவிடுங்கள். இல்லாத பிள்ளையை அங்கே தள்ளாதீர்கள். புகழ்பெற்ற பல்கலைக்கழக வளாகத்தில் சில வாரங்கள், பல ஆயிரம் டாலர் கட்டணம் என்று விளம்பரம் செய்யும் கோடை முகாம்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: பணம் கட்டியவர்கள் பெரும்பாலும் சேர முடிகிற முகாம் சேர்க்கை அதிகாரிக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை. எம்ஐடியில் நடக்கும் ஆர்எஸ்ஐ போல, கடுமையாகத் தேர்ந்தெடுத்து இலவசமாக நடத்தப்படுபவைதான் மதிக்கப்படுகின்றன. மகன் ஒரு கோடை முழுவதும் சைக்கிள் பழுதுபார்க்கும் கடையில் சம்பளத்துக்கு வேலை செய்தான். "இதை எல்லாம் போடலாமா?" என்று தயங்கினார் அவன் அப்பா. போட்டான். இயந்திரப் பொறியியல் படிக்க விரும்பும் பையனுக்கு அதைவிடப் பொருத்தமான வரி கிடைக்காது.

பரிந்துரைக் கடிதம் கேட்க 11-ஆம் வகுப்பின் வசந்தகாலமே சரியான நேரம். கோடை முடிந்து கேட்டால் நல்ல ஆசிரியர்களிடம் வரிசை நிற்கும். எம்ஐடி போன்ற இடங்கள் கணிதம் அல்லது அறிவியலில் ஒருவர், மொழி அல்லது சமூக அறிவியலில் ஒருவர் என்று கேட்கின்றன. அதனால் இரு பக்கமும் ஒருவரோடு நல்ல பழக்கம் இருக்க வேண்டும். அதிக மதிப்பெண் போட்ட ஆசிரியரைவிட, பிள்ளை போராடி மேலே வந்ததைப் பார்த்த ஆசிரியர் எழுதும் கடிதத்தில் உயிர் இருக்கும். கட்டுரை அதிகபட்சம் 650 சொற்கள். அதில் பெற்றோர் கைவைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாம் திருத்தினால் அது நாற்பத்தைந்து வயதுக் குரலாகிவிடும், ஆயிரக்கணக்கில் படித்தவர்களுக்கு அது உடனே தெரியும்.

சரி, பட்டியலுக்கு வருவோம். ஒரு நண்பர் சொன்ன கணக்கு இது: "ஒவ்வொன்றிலும் 5 சதவீதம்தான் வாய்ப்பு. பத்து இடத்தில் போட்டால் எங்காவது ஒன்றில் கிடைக்க 40 சதவீதம் இருக்கே!" பத்தும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத குலுக்கல்களாக இருந்தால் அந்தக் கணக்கு சரி. ஆனால் பத்து இடத்துக்கும் போவது அதே மதிப்பெண், அதே கட்டுரை, அதே கடிதங்கள். ஒரு இடத்தில் அது படிப்பவரைத் தொடவில்லை என்றால் அடுத்த இடத்திலும் தொடாமல் போகவே வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பெரும்பாலும் 75 முதல் 90 டாலர் வரை கட்டணம் வேறு, கூடவே அந்தக் கல்லூரிக்கென்று தனிக் கட்டுரைகள். பிள்ளை டிசம்பரில் களைத்துப்போய் எழுதும் பன்னிரண்டாவது கட்டுரை எந்தக் கதவையும் திறக்காது.

ஆகவே நாங்கள் பட்டியலைக் கீழிருந்து போட்டோம். முதலில் இரண்டு கல்லூரிகள்: கிடைப்பது ஏறத்தாழ நிச்சயம், செலவு தாங்கும், பிள்ளை உண்மையாகவே போக விரும்பும் இடம். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர வேண்டும். 'கிடைக்கும், ஆனால் போக மாட்டேன்' என்றால் அது பட்டியலில் இருந்தும் இல்லாததுதான். எங்கள் மகள் நியூ ஜெர்சியின் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ் வளாகத்துக்குப் போய் ஒரு மொழியியல் வகுப்பில் உட்கார்ந்து கேட்டாள், மாணவர்களோடு பேசினாள், சிறந்த மாணவர்களுக்கென்று அங்குள்ள ஆனர்ஸ் காலேஜ் பற்றி விசாரித்தாள். திரும்பி வரும்போது அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. அதன் பிறகுதான் நடுப்பகுதி, கடைசியில் ஐந்து சதவீதக் கல்லூரிகள் சில.

நடுப்பகுதியை நிரப்ப 'காமன் டேட்டா செட்' என்ற ஆவணத்தைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன, கல்லூரியின் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் சி7 என்ற பகுதியில் பாடங்களின் கடினம், ஜிபிஏ, கட்டுரை, பெற்றோர் அங்கே படித்தது, கல்லூரியின் மீது மாணவர் காட்டிய ஆர்வம் இவற்றில் எது மிக முக்கியம், எது பார்ப்பதே இல்லை என்று கல்லூரியே குறித்திருக்கும். 'காட்டிய ஆர்வம்' முக்கியம் என்று போட்டிருக்கும் கல்லூரிக்கு வளாகச் சுற்று, இணையவழிக் கூட்டம் எல்லாம் பயன்படும். பார்ப்பதில்லை என்று போட்டிருந்தால் அந்த நேரத்தைக் கட்டுரைக்குக் கொடுக்கலாம்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் வாய்ப்பைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. உயர்தரத் தனியார் கல்லூரிகளின் முழுச் செலவு இப்போது ஆண்டுக்கு 85,000 டாலருக்கு மேல். ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் உதவித்தொகை போக நாம் கட்ட வேண்டியதைக் காட்டும் 'நெட் பிரைஸ் கால்குலேட்டர்' இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. 11-ஆம் வகுப்பிலேயே கணவனும் மனைவியும் உட்கார்ந்து வருமான விவரங்களை அதில் போட்டுப் பாருங்கள். ஹார்வர்டும் எம்ஐடியும் 2025 இலையுதிர்காலத்திலிருந்து, வழக்கமான அளவு சொத்துள்ள, 2,00,000 டாலர் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்குப் படிப்புக் கட்டணமே இல்லை என்று அறிவித்துள்ளன. இருவரும் ஐடி வேலையில் இருக்கும் வீடுகள் பல அந்த எல்லையைத் தாண்டிவிடும், உதவி குறையும். இது தெரியாமல், ஒரே கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் 'எர்லி டிசிஷன்' போடாதீர்கள். அது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். பிள்ளை, பெற்றோர், கவுன்சிலர் மூவரும் கையெழுத்திடுகிறோம். கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போயாக வேண்டும், வேறு கல்லூரியின் உதவித்தொகையோடு ஒப்பிட முடியாது. நிதியுதவி போதவில்லை என்றால் விலக வழி உண்டு என்றாலும், அதை நம்பிக் கையெழுத்திடக் கூடாது. எர்லியில் சேர்க்கை விகிதம் கூடுதலாகத் தெரிவதற்கு, விளையாட்டு வீரர்களும், லெகசி எனப்படும் அங்கே படித்தவர்களின் பிள்ளைகளும் அந்தச் சுற்றில் நிறைய வருவதும் ஒரு காரணம்.

எங்களுக்கு அந்தக் கால்குலேட்டர் காட்டிய எண் தாங்கக்கூடியதாக இல்லை. அதனால் மகள் கட்டுப்படுத்தாத எர்லி ஆக்ஷன் மட்டும் போட்டாள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட் நான்கிலும் அது 'ஒரே தனியார் கல்லூரிதான்' என்ற வகையைச் சேர்ந்தது. ஆனாலும் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குக் கூடவே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். இந்தச் சலுகையைப் பயன்படுத்தினால் சில பதில்கள் குளிர்காலத்திலேயே வந்து, வீட்டில் மூச்சு விடலாம்.

பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொதுவான வழிகாட்டிகள் இவர்களைக் கண்டுகொள்வதே இல்லை. இங்கேயே மழலையர் பள்ளியிலிருந்து படித்திருந்தாலும் இவர்களுக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது. பல தனியார் கல்லூரிகள் இவர்களை வெளிநாட்டு மாணவர் வரிசையில் வைக்கின்றன, நிதியுதவி கேட்டால் அது சேர்க்கை முடிவையே பாதிக்கலாம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மவுத், ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்கள்தான் யாராக இருந்தாலும் பணத்தேவையைப் பார்க்காமல் சேர்க்கின்றன. மாநிலக் கல்லூரியில் உள்ளூர்க் கட்டணம் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 21 வயதானால் எச்-4 தகுதியும் போய்விடும், படிப்பின் நடுவிலேயே எஃப்-1 விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். ஒவ்வொரு கல்லூரிக்கும் மின்னஞ்சல் எழுதி, "எச்-4 மாணவரை எந்த வகையில் பார்ப்பீர்கள், நிதியுதவி உண்டா?" என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். எங்கள் நண்பர் குடும்பம் இதைச் செய்ததில், பட்டியலில் பாதியை 11-ஆம் வகுப்பின் கோடையிலேயே மாற்றிவிட்டார்கள். அந்தப் பெண் இப்போது முழு உதவித்தொகையோடு படிக்கிறாள்.

ஆலோசகர்களைப் பற்றி ஒன்று. பிள்ளை நேரத்தைத் திட்டமிட, கட்டுரைக்கு நல்ல கேள்வி கேட்க ஒருவர் உதவினால் நல்லது. "முதல் இருபதில் ஒன்று உறுதி" என்று எங்களிடமும் ஒருவர் பெரிய தொகை கேட்டார். எழுந்து வந்துவிட்டோம். உறுதி கொடுக்கும் அதிகாரம் யாருக்கும் கிடையாது. 2019-இல் ரிக் சிங்கர் என்ற ஆலோசகர் மாட்டிய வழக்கில், அவர் விற்றது அந்த உறுதியைத்தான். அது லஞ்சத்தாலும் மோசடியாலும் வாங்கப்பட்டது.

முடிவுகள் எப்படி வந்தன? மகள் முதலாவதாக விரும்பிய பல்கலைக்கழகம் டிசம்பரில் முடிவை ஒத்திவைத்தது, மார்ச்சில் இல்லை என்றது. ரட்கர்ஸ் ஆனர்ஸ் காலேஜ் கிடைத்தது. மேலே இருந்த இன்னொரு தனியார் கல்லூரியும் கிடைத்தது, ஆனால் நான்கு ஆண்டில் செலவு வித்தியாசம் ஒரு வீட்டின் முன்பணத்துக்கு மேல். மேஜையில் காகிதத்தைப் பரப்பிப் பேசினோம். முன்பு சொன்ன செட்டி குழுவின் ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு: இந்த உச்சக் கல்லூரிகளில் படிப்பது, நல்ல மாநிலப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பிட்டால், சராசரி வருமானத்தைப் பெரிதாக மாற்றுவதில்லை. வருமானத்தின் உச்ச 1 சதவீதத்தை எட்டும் வாய்ப்பைத்தான் சுமார் ஒன்றரை மடங்காக்குகிறது. "எனக்கு வேண்டியது லேப்தான்மா" என்றாள். ரட்கர்ஸில் இரண்டாம் ஆண்டிலேயே ஒரு பேராசிரியரின் பேச்சொலி ஆய்வில் சேர்ந்துவிட்டாள். மகனுக்கோ நேர்மாறாக நடந்தது. எங்கள் கணக்கில் கிடைத்துவிடும் என்றிருந்த ஒரு கல்லூரி காத்திருப்புப் பட்டியலில் போட்டது, அதைவிடப் பல மடங்கு கடினமான ஒன்று சேர்த்துக்கொண்டது. ஏன் என்று இரண்டு இடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள்.

காத்திருப்புப் பட்டியல் வந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மே 1-க்குள் கிடைத்த கல்லூரி ஒன்றில் முன்பணம் கட்டி இடத்தை உறுதி செய்துவிடுங்கள். காத்திருக்கும் கல்லூரிக்குப் பிள்ளை ஒரு பக்கத்துக்கு மிகாமல் ஒரு கடிதம் எழுதட்டும்: விண்ணப்பித்த பிறகு செய்த புதியது என்ன, அழைத்தால் கட்டாயம் வருவேனா என்பது மட்டும் போதும். எந்தக் கல்லூரி கிடைத்திருந்தாலும் 12-ஆம் வகுப்பின் கடைசிப் பருவத்தில் மதிப்பெண்ணைக் கைவிட வேண்டாம். இறுதி மதிப்பெண் பட்டியல் ஜூனில் கல்லூரிக்குப் போகிறது, பெரிதாகச் சரிந்திருந்தால் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு.